மாலத்தீவு ரிசார்ட், 8 வயசும் 3 வயசும்: தண்ணீர் வில்லாவா, கரை வில்லாவா?

மருதாணி | பதிவு 1

எல்லாருக்கும் வணக்கம். ஆகஸ்ட் கடைசியில் ஆறு ராத்திரி மாலத்தீவு போறதா இருக்கோம். நான், வீட்டுக்காரர், பொண்ணு (8), பையன் (3). பொண்ணு நீச்சல் குளத்துல ஒரு நீளம் போவா, கடல் பழக்கம் இல்லை. பையனுக்குத் தண்ணின்னா உயிர், ஆனா நீச்சல் சுத்தமா தெரியாது. அதுதான் என் பயமே.

ரெண்டு ரிசார்ட் பார்த்து வெச்சிருக்கோம். ஒண்ணு சீப்ளேன்ல (தண்ணியில இறங்கற சின்ன விமானம்) 40 நிமிஷம், இன்னொண்ணு ஸ்பீட்போட்ல 35 நிமிஷம். ரெண்டுமே குடும்பத்துக்கு ஏத்ததுன்னுதான் போட்டிருக்கு. "வாழ்க்கையில ஒரு தடவை போறோம், தண்ணிமேல இருக்கற வில்லாவுலயே தங்கிடலாம்"னு அவர் சொல்றார். எனக்கு மனசு ஒப்பலை. குழந்தைகளோட போனவங்க சொல்லுங்க.

நீர்க்குமிழி | பதிவு 2

தண்ணீர் வில்லாதான் என் ஓட்டு. நாங்க போனப்போ பசங்களுக்கு 10, 12 வயசு. ராத்திரி டெக்குல, அதான் வில்லாவை ஒட்டித் தண்ணிமேல இருக்கற மரத்தளத்துல, விளக்கைப் போட்டா கீழே திருக்கை வரும். ரெண்டு பேரும் குப்புறப் படுத்துக்கிட்டு மணிக்கணக்கா பார்த்துக்கிட்டிருந்தாங்க, டிவியைத் தொடவே இல்லை. அந்த ஆறு ராத்திரியை இன்னிக்கும் பேசுறாங்க. கரை வில்லா வேற ஊர்லயும் கிடைக்கும், இது கிடைக்காது.

பவழமல்லி | பதிவு 3

நீர்க்குமிழி அண்ணா, 10 வயசும் 3 வயசும் ஒண்ணில்லை. நாங்க 4 வயசும் 2 வயசுமா போனோம், தண்ணீர் வில்லாதான் எடுத்தோம். செக்-இன்ல ஒரு தாளை நீட்டி, பிள்ளைங்க பாதுகாப்புக்கு நாங்களே பொறுப்புன்னு கையெழுத்து வாங்கினாங்க. நிறைய ரிசார்ட்ல சின்னப் பிள்ளைங்களைத் தண்ணீர் வில்லாவுல விடவே மாட்டாங்க. வயசு வரம்பு இடத்துக்கு இடம் மாறும், புக் பண்றதுக்கு முன்னாடி எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க.

உள்ளே போனதும் கண்ணாடிக் கதவு, அதைத் தாண்டினா டெக், டெக்குல இருந்து நேரா கடலுக்கு இறங்குற படி. படிக்குக் கதவும் இல்லை, கம்பியும் இல்லை. கண்ணாடிக் கதவுக்கு ஒரே ஒரு தாழ்ப்பாள், அதுவும் என் இடுப்பு உயரத்துல. என் பெரியவன் முதல் நாள் சாயங்காலமே ஸ்டூலை இழுத்துப் போட்டு அதைத் திறந்துட்டான். அதுக்கப்புறம் ரெண்டு நாள் நானும் அவரும் மாத்தி மாத்திக் கதவுப் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தோம். மூணாம் நாள் காலையில ரிசப்ஷன்ல போய் நின்னு கரை வில்லா கேட்டு மாறினோம். மாறின அன்னிக்கு மத்தியானம்தான் நான் முதல் தடவையா தூங்கினேன்.

கடலோடி | பதிவு 4

மருதாணி அக்கா, வில்லாவை அப்புறம் பார்க்கலாம், முதல்ல தண்ணியைப் பாருங்க. அங்கே ரிசார்ட்டோட வாட்டர்ஸ்போர்ட்ஸ் சென்டர்ல ஆறு வருஷம் வேலை பார்த்தவன் நான்.

மாலத்தீவுல முதல் ரிசார்ட்டா குரும்பாவை 1972ல் திறந்தாங்க. அங்கே ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட்ங்கறதுதான் வழக்கம். ரூம் பிடிக்கலைன்னா மாத்திக்கலாம். தீவு பிடிக்கலைன்னா நடந்து போக இன்னொரு கரை கிடையாது. அதனால தீவைத் தேர்ந்தெடுக்கறதுலதான் பாதி விஷயம் இருக்கு.

செயற்கைக்கோள் வரைபடத்துல தீவைத் தேடிப் பெரிசாக்குங்க. கரையைச் சுத்தி வெளிர் பச்சை நீலமா அகலமாத் தெரியறது லகூன், மணல் தரை, ஆழம் குறைவு. அதுக்கு வெளியே பழுப்பா ஒரு கோடு வரும், அது பவளத்திட்டு, ரீஃப்னு சொல்வாங்க. அதையும் தாண்டிச் சட்டுனு கருநீலமானா அங்கே சரிவு, சில இடத்துல செங்குத்தா இறங்கும். நல்லா நீந்தறவங்களுக்குக் கருநீலம் கரைக்கிட்ட இருந்தா கொண்டாட்டம், இருபது தடவை கையை வீசினா ஆமையும் சுறாவும் பார்க்கலாம். மூணு வயசுக்கு அது ஆகாது. உங்களுக்கு ஒரு பக்கம் அகலமான லகூனும், இன்னொரு பக்கம் கிட்டத்துல ரீஃபும் இருக்கற தீவு வேணும். அப்படி நிறைய இருக்கு.

இன்னொரு விஷயம் காத்து. ஆகஸ்ட்ல அங்கே தென்மேற்குப் பருவம், அந்த நாட்டு மொழி திவேஹியில் ஹுல்ஹங்குன்னு சொல்வாங்க. மேற்குக் கரையில அலை அடிக்கும், கடற்புல் ஒதுங்கும். கிழக்குக் கரை அதே நேரம் குளம் மாதிரி கிடக்கும். டிசம்பர்ல இருந்து ஏப்ரல் வரை வடகிழக்குக் காத்து, இருவாய்னு பேரு, அப்போ தலைகீழ். சூரியன் மறையறதைப் பார்க்கலாம்னு மேற்குப் பக்க வில்லாவை விலை கூட்டி விப்பாங்க. ஆகஸ்ட்ல குழந்தைகளோட போறவங்க சூரியன் உதிக்கிற பக்கம் கேளுங்க, பெரும்பாலும் விலையும் குறைச்சலாதான் இருக்கும்.

மணலும் காத்தோடயே நகரும். ஜனவரியில எடுத்த படத்துல அகலமா இருக்கற கரை ஆகஸ்ட்ல ஒடுங்கிப் போயிருக்கலாம். ரிசார்ட் போடற படத்தை நம்பாம, போன ஆகஸ்ட்ல போன விருந்தாளிங்க போட்ட படத்தைத் தேடிப் பாருங்க.

மருதாணி | பதிவு 5

கடலோடி தம்பி, கோடி நன்றி. இப்பவே ரெண்டு தீவையும் பார்த்தேன். சீப்ளேன் தீவுக்குக் கிழக்கே வெளிர் நீலம் நல்லா அகலமா இருக்கு. ஸ்பீட்போட் தீவுல நாலு பக்கமும் கருநீலம் கரையை ஒட்டியே வருது. நான் இத்தனை நாள் ரூம் படமும் பஃபே படமும்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்.

வடலி | பதிவு 6

சீப்ளேன் எண்டால் ஒண்டைக் கவனியுங்கோ அக்கா. அது பகல் வெளிச்சத்திலை மட்டும்தான் பறக்கும். வெலானா விமான நிலையத்திலை பின்னேரம் மூண்டரைக்குப் பிறகு இறங்கினால் அண்டைக்கு அநேகமா சீப்ளேன் கிடைக்காது. எங்கடை விமானம் பின்னேரம் அஞ்சு மணிக்குத்தான் இறங்கினது. பயணத்தை ஒழுங்கு செய்து தந்தவை ஒரு சொல்லும் சொல்லேல்லை. அந்த இரவு விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹுல்ஹுமாலே தீவிலை அறை தேடிப் படுத்து, காசு குடுத்து வைச்ச ரிசார்ட் இரவு ஒண்டு வீணாப் போச்சு. சின்னவள் நித்திரை தூங்கி அழுத அழுகை இப்பவும் காதுக்குள்ளை நிக்குது. காலமை இறங்கிற விமானமாப் பாத்து எடுங்கோ.

பொதிக்கும் அளவிருக்கு. ஆளுக்கு 20 கிலோ, கையிலை 5 கிலோ, அதுதான் வழமை. சிலநேரம் பெட்டி அடுத்த விமானத்திலைதான் வரும். பிள்ளையளின்ரை நீச்சல் உடுப்பு, மருந்து, ஒரு மாத்து உடுப்பு எல்லாம் கைப்பையிலை வையுங்கோ. உள்ளுக்கை ஏசி இல்லை, இரைச்சல் கூட. காதுக்கு ஏதும் கொண்டு போங்கோ.

போகமுதல் இமுகா எண்டொரு படிவம் இணையத்திலை நிரப்போணும், விமானம் வெளிக்கிட முதல் 96 மணித்தியாலத்துக்குள்ளை. காசில்லை. காசு கேக்கிற தளம் வந்தால் மூடிப்போட்டு அரச தளத்துக்குப் போங்கோ. பிள்ளையளுக்கும் தனித்தனியா நிரப்போணும்.

நடைவண்டி | பதிவு 7

எல்லாரும் ரிசார்ட்டையே பேசறீங்க. மாஃபுஷி மாதிரி மக்கள் வாழற தீவுல விருந்தினர் விடுதி எடுத்தா செலவு பாதிக்கும் கீழே வரும். பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களோட உங்க பிள்ளைங்களும் பந்து விளையாடும். நீச்சலுடைக்குன்னு தனியா ஒரு கரை ஒதுக்கியிருப்பாங்க, மத்த இடத்துல மூடின உடை. எங்களுக்கு அதுல ஒரு கஷ்டமும் தெரியலை.

ரிசார்ட்தான்னு முடிவு பண்ணிட்டா, கண்ணுல பட்ட விலையோட நிறுத்தாதீங்க. பசுமை வரி 2025 ஜனவரியில இருந்து ரிசார்ட்ல ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர். ரெண்டு வயசுக்குக் கீழேதான் விலக்கு, உங்க பையனுக்கு மூணு வயசுங்கறதால அவனுக்கும் வரி கட்டணும். நாலு பேர், ஆறு நாள், 288 டாலர். சின்ன விருந்தினர் விடுதின்னா ஆளுக்கு 6 டாலர்தான். அதுக்கு மேல சேவைக் கட்டணம் 10 சதவீதம், சுற்றுலா வரி 2025 ஜூலையில இருந்து 17 சதவீதம். சீப்ளேனுக்கும் தனிக் காசு. இதெல்லாம் சேர்த்த மொத்தத் தொகையை ஒரே மெயில்ல எழுதித் தரச் சொல்லுங்க.

மருதாணி | பதிவு 8

நடைவண்டி அண்ணா, கணக்குக்கு நன்றி. விருந்தினர் விடுதியையும் யோசிச்சோம். மூணு வயசை வெச்சுக்கிட்டு வாசல்லயே ஆழமில்லாத கரை வேணும்னுதான் ரிசார்ட் பக்கம் போறோம். அடுத்த தடவை கண்டிப்பா பார்க்கறேன்.

முடிவு: சீப்ளேன் தீவு, கிழக்குப் பக்கம், கரை வில்லா. விமானம் காலை 10 மணிக்கு இறங்குது. வீட்டுக்காரர் முதல்ல முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டார், பவழமல்லியோட பதிவைப் படிக்கச் சொன்னேன், தாழ்ப்பாள் விஷயத்துல மனசு மாறிட்டார்.

தூறல் | பதிவு 9

குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். இரண்டு விஷயம் சொல்கிறேன், தயவுசெய்து முழுசாகப் படியுங்கள்.

வெயில். மாலே நிலநடுக்கோட்டிலிருந்து நாலு டிகிரி வடக்கேதான் இருக்கிறது. மேகம் இருந்தாலும் புற ஊதாக்கதிர் பெரும்பங்கு வந்துவிடும், மணலும் தண்ணீரும் திருப்பி அடிக்கும். காற்று குளுகுளுவென்று இருப்பதால் தோல் எரிவது தெரியாது, ராத்திரிதான் குழந்தை முதுகைத் தொடவிடாமல் அழும். முழுக்கை நீச்சல் சட்டை, கழுத்தை மறைக்கிற தொப்பி இரண்டும்தான் முதல் காவல். முகம், காது, பாதத்தின் மேல்பக்கம், முழங்காலுக்குப் பின்னால், இந்த இடங்களுக்குக் க்ரீம். வெளியே போவதற்குக் கால் மணி நேரம் முன்னால் தடவி, இரண்டு மணிக்கு ஒருமுறையும் தண்ணீரில் இருந்து ஏறியதும் மறுபடியும் தடவுங்கள். ஜிங்க் ஆக்சைடு வகையை வாங்குங்கள். ஆக்சிபென்சோன் சேர்ந்த க்ரீம்களைப் பவளத்துக்குக் கெடுதல் என்று பலாவு என்ற தீவு நாடு 2020லும் ஹவாய் 2021லும் தடுத்துவிட்டன. 11 மணியிலிருந்து 3 மணி வரை நிழலில் இருங்கள்.

தண்ணீர். மூழ்குகிற குழந்தை கூப்பிடாது. கையை ஆட்டாது. வாய் தண்ணீருக்கு மேலே வருகிற அரை நொடியில் மூச்சிழுக்கத்தான் நேரம் இருக்கும், கத்துவதற்கு இருக்காது. பக்கத்தில் நிற்பவருக்கே விளையாடுவது போலத் தெரியும். எங்கள் வார்டுக்கு வந்த குழந்தைகளில் பெரும்பாலும், அந்த நேரம் பெரியவர்கள் நாலைந்து பேர் பக்கத்திலேயே இருந்திருக்கிறார்கள். ஆளுக்கு ஆள் மற்றவர் பார்க்கிறார் என்று நினைத்திருப்பார்கள்.

அதனால் எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். பளிச்சென்று ஒரு ஆரஞ்சுத் தொப்பி. அது யார் தலையில் இருக்கிறதோ அவர்தான் காவல். அவர் போன் எடுக்கக் கூடாது, புத்தகம் கூடாது, சின்னவன் கை எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். அரை மணி ஆனதும் தொப்பியைக் கழற்றி இன்னொருவர் தலையில் வைத்து "உன்கிட்ட" என்று வாயால் சொல்ல வேண்டும். தரையில் வைக்கக் கூடாது.

கையில் ஊதி மாட்டுகிற பலூன் வேண்டாம், நழுவும். எடைக்குத் தக்க, கவட்டைப் பட்டையோடு இருக்கிற மிதவைச் சட்டை வாங்கிப் போங்கள். ரிசார்ட்டில் சின்ன அளவு இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

நீர்க்குமிழி | பதிவு 10

சகோதரி, மரியாதையோட கேட்கறேன். ஓய்வெடுக்கப் போற இடத்துல இப்படி ஷிப்ட் போட்டுக் காவல் காத்தா அது என்ன விடுமுறை? கிட்ஸ் கிளப் இருக்கு, ஆள் இருக்காங்க.

தூறல் | பதிவு 11

ஓய்வு கிடைப்பதே அதனால்தான் அண்ணா. தொப்பி என் தலையில் இல்லாத அரை மணி நேரம் நான் கண்ணை மூடிப் படுப்பேன். தொப்பி இல்லாத வீட்டில் இருவரும் பாதி பார்ப்பார்கள், இருவரும் பாதி ஓய்வெடுப்பார்கள். கிட்ஸ் கிளப்பில் பெரும்பாலும் நாலு வயதுக்குக் கீழே தனியாக விட மாட்டார்கள். கரையில் உயிர்காப்பாளர் இல்லாத தீவுகளும் உண்டு, கேட்டுக்கொள்வது நல்லது.

நீர்க்குமிழி | பதிவு 12

அந்தப் பாதிக் கணக்கு சரிதான். எங்க வீட்டுல அப்படித்தான் நடந்துக்கிட்டிருந்தோம்னு இப்போ தோணுது.

கடலோடி | பதிவு 13

பொண்ணைப் பத்தி ரெண்டு வார்த்தை. எட்டு வயசு ஸ்நார்க்கலுக்கு (மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டி மிதந்துக்கிட்டே கீழே பார்க்கறது) அருமையான வயசு. முதல் நாளே ரீஃபுக்குப் போகாதீங்க. இடுப்பளவு தண்ணியில நின்னு மாஸ்க்கை மாட்டி முகத்தை மட்டும் முக்கி மூச்சு விடப் பழக்குங்க. மாஸ்க்கைப் பட்டை போடாம முகத்துல வெச்சு மூக்கால இழுத்தா கீழே விழாம ஒட்டி நிக்கணும், அதுதான் சரியான அளவு. முகம் முழுக்க மூடற மாஸ்க் பிள்ளைங்களுக்கு வேண்டாம், அவசரத்துல சட்டுனு கழட்ட வராது. ரீஃபுக்கு முதல் தடவை கைடோட போங்க. எந்தப் பக்கம் நீரோட்டம் ஓடுதுன்னு அன்னன்னிக்குக் கேளுங்க, நேத்து இருந்த மாதிரி இன்னிக்கு இருக்காது.

கரையோரம் முழங்கால் தண்ணியில கருமுனைச் சுறாக்குட்டிங்க வரும். பெரிய மீன் தொல்லை இல்லாத இடம்னு அதுங்க வளர்றதே அங்கேதான். ஒண்ணும் செய்யாது, தொடாம பார்க்கணும், அவ்வளவுதான். 2010ல இருந்து மாலத்தீவுல சுறா பிடிக்கவே தடை. நான் பயப்படறது டைட்டன் ட்ரிகர்ங்கற பெரிய கிளாத்தி மீனை. முட்டையிட்ட இடத்துக்கு மேல போனா துரத்திக் கடிக்கும். அதோட எல்லை தலைகீழ்க் கூம்பு மாதிரி மேல்நோக்கி விரிஞ்சிருக்கும், அதனால மேலே ஏறாம பக்கவாட்டுல விலகணும்.

எல்லாருக்கும் ரப்பர் செருப்பு. கல்லு மாதிரியே கிடக்கற விஷமுள் கல்மீன் குத்தினா தாங்கக்கூடிய அளவு வெந்நீர்ல காலை வெச்சுக்கிட்டே டாக்டரைக் கூப்பிடணும். பெரிய ரிசார்ட்ல டாக்டர் இருப்பார், சின்னதுல பக்கத்துத் தீவு சுகாதார நிலையம்தான். புக் பண்றப்பவே இதைக் கேட்டுடுங்க.

---

மருதாணி | பதிவு 14

போயிட்டு வந்துட்டோம். இந்த இழையில இருந்து எடுத்துக்கிட்டதுதான் அத்தனையும், அதனால விவரமா எழுதறேன்.

சீப்ளேன் பைலட் வெறுங்காலோட ஓட்டினார். பொண்ணு அதை மட்டும்தான் முதல் நாள் முழுக்கச் சொல்லிக்கிட்டிருந்தா. மேலே இருந்து பார்த்தப்போ, கடலோடி சொன்ன வெளிர் நீலமும் பழுப்புக் கோடும் கருநீலமும் அப்படியே தட்டுல வரைஞ்ச மாதிரி தெரிஞ்சுது. எங்க தீவு கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே எந்தப் பக்கம் பிள்ளைங்களை விடறதுன்னு தெரிஞ்சுபோச்சு.

தண்ணின்னா உயிர்னு சொன்னேனே பையனை, கடலைப் பார்த்ததும் என் கழுத்தைக் கட்டிக்கிட்டு இறங்கவே மாட்டேன்னுட்டான். ரெண்டு நாள். வற்புறுத்தலை. வாசல்ல ஒரு வாளித் தண்ணி, ஒரு கரண்டி, அவ்வளவுதான் அவன் விளையாட்டு. சங்கைச் சுமந்துக்கிட்டு நடக்கற நண்டு ஒண்ணு வில்லாப் படிக்கட்டுல தினமும் சாயங்காலம் வரும். விரல் நகம் அளவு சங்கு, ஊதா நிறத்துல கால். இவன் மூச்சை விட்டா உள்ளே இழுத்துக்கும், பேசாம இருந்தா முதல்ல ரெண்டு மீசை, அப்புறம் கண்ணு, அப்புறம் கால்னு ஒவ்வொண்ணா வெளியே வரும். மூணு வயசுப் பையன் இருபது நிமிஷம் அசையாம உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. மூணாம் நாள் அந்த நண்டு போன வழியில பின்னாலேயே போய்த் தானா தண்ணியில காலை வெச்சான்.

ஆகஸ்ட் மழையைப் பத்திக் கேட்கறவங்களுக்கு: ரெண்டு நாள் அரை நாள் பெய்ஞ்சுது, மத்த நாள் ராத்திரிதான். மேற்குக் கரையில அலை படார் படார்னு அடிச்சுது, சிவப்புக் கொடி போட்டிருந்தாங்க. எங்க கிழக்குக் கரை அசையாம கிடந்துது. மேற்குப் பக்கம் வில்லா எடுத்த குடும்பங்க தினமும் குடையையும் பிள்ளைங்களையும் தூக்கிக்கிட்டு எங்க பக்கம் வந்தாங்க.

இனிமே எழுதறதுக்குக் கை நடுங்குது, ஆனா எழுதணும்.

நாலாம் நாள் சாயங்காலம். பையன் கரையில மணல் குவிச்சுக்கிட்டிருந்தான். காய்ஞ்ச மணல்தானேன்னு மிதவைச் சட்டையைக் கழட்டிட்டேன், ஈரத்துல அரிக்குதுன்னு அழுதான். தொப்பி அவர் தலையில. பொண்ணு மாஸ்க்ல தண்ணி வருதுன்னு கூப்பிட்டா, அவர் எழுந்து போனார். போறப்போ தொப்பியைக் கழட்டி என் நாற்காலியில வெச்சுட்டுப் போயிருக்கார். வாயால சொல்லலை. நான் துண்டு மடிச்சுக்கிட்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தா மணல் குவியல் இருக்கு, பையன் இல்லை. சுறாக்குட்டி ஒண்ணு கரையோரமா போயிருக்கு, அது பின்னாலேயே இவன் நடந்திருக்கான். அந்த இடத்துல மணல்ல ஒரு பள்ளம். என்னைவிட்டு எட்டடி தூரம்தான். தலையை அண்ணாந்துக்கிட்டு, வாய் தண்ணி மட்டத்துல, கண்ணு மட்டும் பெரிசா. சத்தமே இல்லை. தூறல் எழுதினது அத்தனையும் அப்படியே என் கண்ணு முன்னாடி.

தூக்கிட்டேன். நாலு தடவை இருமினான், அழுதான், அப்புறம் "சுறா போச்சு"ன்னான். ரிசார்ட் டாக்டர் நெஞ்சுல வெச்சுப் பார்த்துட்டு, ராத்திரி முழுக்க மூச்சையும் இருமலையும் கவனிக்கச் சொன்னார். ஒண்ணும் ஆகலை. நாங்க ரெண்டு பேரும் அன்னிக்கு ராத்திரி தூங்கலை. யாரும் யாரையும் குத்தம் சொல்லிக்கலை. அடுத்த நாள்ல இருந்து தொப்பியைக் கை மாத்தறப்போ ரெண்டு பேரும் கண்ணைப் பார்த்துச் சொல்லிக்கிட்டோம். பக்கத்து வில்லாக்காரங்க ஏன்னு கேட்டாங்க, சொன்னோம். மறுநாள் அவங்களும் ஒரு சிவப்புத் துண்டை அதே மாதிரி கை மாத்திக்கிட்டிருந்தாங்க.

பொண்ணு ரீஃபுக்குக் கைடோட மூணு தடவை போனா. ஆமை ஒண்ணு அவளுக்குக் கீழேயே புல் மேய்ஞ்சுக்கிட்டிருந்துதாம். கிளிமீன் பவளத்தைக் கறுக்கு கறுக்குன்னு கடிக்கற சத்தம் தண்ணிக்குள்ள கேட்குதுன்னு சொல்லி என்னையும் தலையை முக்க வெச்சா. நிஜமாவே கேட்குது. அது கடிச்சு வெளியே விடற தூள்தான் இந்த வெள்ளை மணல்னு கைடு சொன்னதும் அவளுக்கு ஒரே பரவசம். கிளம்பற அன்னிக்கு அவ பைக்குள்ள ஒரு பவளத் துண்டு இருந்துது. பவளத்தை நாட்டை விட்டு எடுத்துட்டுப் போக அனுமதி இல்லைன்னு சொன்னேன். தானே போய்த் தண்ணியில வெச்சுட்டு வந்தா.

தூறல் | பதிவு 15

படிக்கும்போது எனக்கும் கை நடுங்கியது. இதை மறைக்காமல் எழுதினீர்களே, அதற்கு நன்றி. தொப்பி விஷயத்தில் இன்னொன்றும் சேர்த்துக்கொள்கிறேன், நான் முதலில் சொல்ல விட்டுவிட்டேன்: தண்ணீர் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கும்வரை, காய்ந்த மணலிலும் மிதவைச் சட்டையைக் கழற்றக் கூடாது. அரித்தால் உள்ளே மெல்லிய பருத்திச் சட்டை போடலாம்.

வடலி | பதிவு 16

பிள்ளை சுகமா இருக்கிறான் எண்டதே பெரிய விசயம் அக்கா. நாங்கள் வாற மாசம் திரும்பவும் போறம். இந்த முறை காலமை விமானம். திரும்பி வரேக்கை சீப்ளேன் நேரம் எப்ப சொல்லுவினம்?

மருதாணி | பதிவு 17

முந்தின நாள் சாயங்காலம் ரூமுக்கு ஒரு தாள் வந்துது தங்கச்சி. ஆனா அதுல ஒண்ணு கவனிங்க. எங்க தீவுல கடிகாரம் மாலேயைவிட ஒரு மணி நேரம் முன்னால ஓடுது, சாயங்கால வெளிச்சம் கூட இருக்கணும்னு பல ரிசார்ட்ல அப்படி வெச்சுக்கறாங்களாம். தாள்ல படகுத்துறைக்கு வர்ற நேரம் தீவு நேரத்துல இருந்துது, விமான டிக்கெட்டு மாலே நேரத்துல. போன் தானா மாலே நேரத்தைத்தான் காட்டும். நாங்க போனைப் பார்த்துக்கிட்டு நிதானமா சாப்பிட்டுக்கிட்டிருந்தோம், பெட்டி எடுக்க ஆள் வந்து கதவைத் தட்டினப்புறம்தான் ஓட்டம். ரெண்டு நேரத்தையும் அந்தத் தாளிலேயே ரிசப்ஷன்ல எழுதி வாங்கிக்கோங்க.